ஒரே வீடு, இரண்டு குடித்தனம்: என் பெனிபிட் நின்றுபோன கதை

"உங்களோடு இருக்கிறவருக்கு நீங்கள் சமைத்துக் கொடுப்பீர்களா?" என்று பெனிபிட் அலுவலக அதிகாரி தொலைபேசியில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். "ஓம், நான் சமைக்கிற நாளில் அண்ணைக்கும் ஒரு கோப்பையில் போட்டு மூடி வைப்பேன்" என்றேன். என்னோடு பிளாட்டைப் பங்கு போட்டிருக்கிற, இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வருகிற மனிதருக்குக் கொஞ்சம் சோறு எடுத்து வைப்பதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பதினெட்டு நாளில் என் யுனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு பிரித்தானிய அரசு மாதாமாதம் தருகிற உதவிப் பணம், நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் கணவன் மனைவி போல வாழ்கிறோம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

இது நடந்தது 2024 நவம்பரில். இன்று அந்த முடிவு ரத்தாகி, நிறுத்திய காசும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இடையில் போன ஒன்பது மாதமும் எனக்கு நரகம். லண்டனில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இப்படி ஒரு பிளாட்டைப் பங்கு போட்டு இருக்கிறார்கள். வாடகை இருக்கிற இருப்பில் வேறு வழியும் இல்லை. எனக்கு முன்கூட்டியே தெரியாமல் போனவை அவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. எனக்கு 48 வயது. கணவர் 2019இல் தவறிவிட்டார். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தேன். ஆளைத் தூக்கி இருத்தும்போது முதுகு பிடித்து, டிஸ்க் விலகி, 2024 நடுப்பகுதியில் வேலையை விட வேண்டி வந்தது. அண்ணை என்று நான் சொல்கிறவர் என் கணவரோடு வேலை செய்த நண்பர். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில். மனைவியை இங்கே கூப்பிட வேண்டும் என்றால் வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்ஸ் காட்ட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதி மாறியது. அதற்கு முன் 18,600தான். அண்ணையின் சம்பளம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு, தனியாக ஒரு பிளாட்டின் வாடகையைக் கட்ட முடியாத நிலை எனக்கு. 2022இல் இருவரும் சேர்ந்து லண்டன் ஹரோவில் இரண்டு அறை பிளாட் ஒன்று எடுத்தோம். மாதம் 1,450 பவுண்ஸ், ஆளுக்கு 725. ஒப்பந்தத்தில் இரண்டு பேரின் பெயரும் உண்டு. அவர் என்னைத் தங்கச்சி என்பார். எனக்கு அவர் அண்ணை.

யுனிவர்சல் கிரெடிட்டில் தனியாள் கணக்கு வேறு, சோடிக் கணக்கு வேறு. 2024-25இல் 25 வயதுக்கு மேற்பட்ட தனியாளுக்கு அடிப்படைத் தொகை மாதம் 393.45 பவுண்ஸ், சோடிக்கு 617.60. வித்தியாசம் இதோடு நிற்பதில்லை. சோடி என்றால் இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். மற்றவரின் சம்பளத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் அந்தத் தொகையில் இருந்து 55 பென்ஸ் கழிப்பார்கள். இருவரின் சேமிப்பும் சேர்ந்து 16,000 பவுண்ஸைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. அதாவது என்னோடு வாடகையைப் பங்கு போடுகிற ஒரு மனிதரின் சம்பளத்தில் நான் சாப்பிட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கும். அவர் வவுனியாவுக்கு அனுப்புகிற காசு அந்தக் கணக்கில் கழியாது.

சரி, சோடி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எங்கள் ஆட்களிடம் கேட்டால் பல கதை சொல்வார்கள். "கிழமையில் மூன்று இரவுக்கு மேல் தங்கினால்தான் பிரச்சினை" என்பார் ஒருவர். அப்படி ஒரு விதியே கிடையாது. "தனித்தனி அறை என்றால் ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்பார் இன்னொருவர். அதுவும் சரியில்லை. தனி அறை உதவும், ஆனால் அது மட்டும் போதாது. "ஆணும் பெண்ணும் என்றால்தான் கேட்பார்கள்" என்பதும் பழங்கதை. 2005 டிசம்பரில் இருந்து இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் என்றாலும் இதே அளவுகோல்தான்.

உண்மையில் பார்ப்பது ஆறு விஷயம். ஒரே குடித்தனமா, உறவு எவ்வளவு உறுதியானது, ஒருவரை ஒருவர் காசால் தாங்குகிறார்களா, உடலுறவு உண்டா, பிள்ளைகள் உண்டா, ஊருலகத்துக்குத் தங்களைச் சோடியாகக் காட்டுகிறார்களா. கிரேக், பட்டர்வொர்த் என்ற இரண்டு பழைய வழக்குகளின் தீர்ப்பில் இருந்து இன்றுவரை இதைத்தான் எடுத்தாள்கிறார்கள். அந்த பட்டர்வொர்த் கதையை ஆலோசனை நிலையத்தில் எனக்குச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. விபத்தில் அடிபட்ட ஒரு பெண்ணுக்கு உதவியாக ஒரு ஆண் வந்து அவள் வீட்டில் தங்குகிறார். ஒரே கூரைக்குள் இருந்தால் மட்டும் போதாது, அவர்கள் ஏன் அப்படிச் சேர்ந்து இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி வுல்ஃப். ஏன் என்ற அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

இந்த ஆறும் மதிப்பெண் போடுகிற பட்டியல் அல்ல. மொத்த வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. உடலுறவைப் பற்றி அதிகாரிகள் தாங்களாகத் தோண்டக் கூடாது என்பது அவர்களுடைய வழிகாட்டியிலேயே உண்டு. நாங்களாக எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

என்னுடைய தவறு எது, அவர்களுடைய தவறு எது என்று பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். விண்ணப்பத்தில் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், கூட்டு வாடகையாளர், நண்பர், உறவு இல்லை என்று எழுதியிருந்தேன். கணவன் மனைவி அல்லாத கூட்டு வாடகையாளர்கள் என்றால் வாடகையை ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்துத்தான் உதவி தருவார்கள். அந்த 725க்குத்தான் கேட்டேன். கவுன்சில் வரியில் தனியாளுக்குக் கிடைக்கிற 25 வீதக் கழிவையும் எடுக்கவில்லை, ஏனென்றால் வீட்டில் இரண்டு பெரியவர்கள். சிலர் ஒரு இடத்தில் தனியாள் என்றும் இன்னொரு இடத்தில் சேர்ந்து இருக்கிறோம் என்றும் காட்டுகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கடைசியில் எனக்குக் கை கொடுத்தவற்றில் ஒன்று, நான் எங்கும் ஒரே கதையைச் சொல்லியிருந்தது.

ஆனால் காசு விஷயத்தில் கவலையீனமாக இருந்துவிட்டேன். வாடகை முகவர் ஒரே கட்டணமாகத்தான் வாங்குவார். ஆகவே மாதம் பிறந்ததும் 725ஐ அண்ணையின் கணக்குக்கு அனுப்புவேன், அவர் 1,450 கட்டுவார். அனுப்பும்போது குறிப்பில் "வீடு" என்று ஒரே ஒரு சொல் போடுவேன். என் வங்கிக் கணக்கைப் பார்த்த அதிகாரிக்கு அது குடும்பச் செலவுக்குக் கொடுக்கிற காசாகத் தெரிந்திருக்கிறது. மின்சாரம், எரிவாயு இரண்டும் அண்ணையின் பெயரில். என் பங்கைக் கையில் காசாகக் கொடுத்துவிடுவேன். அதற்கு ஒரு தடயமும் இல்லை. பார்க்கிறவருக்கு அவரே என் கரண்ட் காசையும் கட்டுகிற மாதிரித்தானே இருக்கும்?

இன்னொன்று, நான் கனவிலும் நினைக்காதது. தீர்ப்பாயத்துக்குப் போனால் அலுவலகம் தன் பக்கத்து ஆதாரம் முழுவதையும் ஒரு கட்டாக உங்களுக்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டில் என் தொலைபேசிப் பேட்டியின் குறிப்பு இருந்தது. ஆலோசனை நிலையத்தில் ஒரு தங்கச்சி அதை வரி வரியாக வாசித்துச் சொன்னார். ஓர் இடத்தில் நிறுத்தி, "அக்கா, இவரை உங்கள் சகோதரர் என்று சொன்னீங்களா?" என்று கேட்டார். நான் அண்ணை, அண்ணை என்று சொன்னதை எல்லாம் மொழிபெயர்ப்பாளர் "பிரதர்" என்று சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தில் "நண்பர், உறவு இல்லை", பேட்டியில் "சகோதரர்". விண்ணப்பதாரர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார், உண்மை உறவை மறைக்கிறார் என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி, அவன் கனடாவில். அடுத்த பக்கத்தில் இருந்தது சமையல்: "தினமும் அவருக்காகச் சமைக்கிறார்." சமைக்கிற நாளில் என்று நான் சொன்னது தினமும் என்று ஆகியிருந்தது.

எங்கள் மொழியில் அண்ணை, அக்கா, மாமி என்று கூப்பிடாமல் ஒரு பேச்சே கிடையாது. அதனால் இப்படிப்பட்ட பேட்டியில் பெயரைச் சொல்லுங்கள், அல்லது "என்னோடு வாடகைக்கு இருக்கிறவர்" என்று முழுதாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு பிழை என்று பட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். பேட்டி முடிந்த அன்றே, நீங்கள் சொன்னவற்றை உங்கள் சொல்லில் ஜேர்னலில், அதாவது யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் அலுவலகத்துக்குச் செய்தி எழுதுகிற பகுதியில், எழுதிப் போடுங்கள். அது தேதியோடு நிற்கும். நான் அப்படி எழுதியிருந்தால் பிறகு நாங்கள் பட்ட பாட்டில் பாதி இருந்திராது.

கேள்விக்கு ஓம், இல்லை என்று மட்டும் சொல்லி விடுவதும் ஆபத்து. சமைப்பீர்களா என்றால், எப்போது, ஏன், சாமானுக்கு யார் காசு, அவர் உங்களுக்கு என்ன செய்வார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கிழமையில் மூன்று நாள் சமைப்பேன். அண்ணை ஞாயிறு தன் பங்குக்கு ஆட்டிறைச்சி சமைத்து எனக்கும் வைப்பார். முதுகு வலியால் என்னால் பாரம் தூக்க முடியாது என்பதால் அரிசி மூட்டையை அவர் தூக்கி வருவார். அரிசிக் காசு பாதி பாதி. இவ்வளவும் சொன்னால் அது ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு நல்ல மனிதரின் கதை. சமைக்கிறேன் என்று மட்டும் சொன்னால் வேறு கதை.

இனி, பெனிபிட் நின்ற பிறகு நடந்தது. இதைத்தான் எல்லாரும் கவனமாக வாசிக்க வேண்டும். டிசம்பர் வாடகைக்கு என்னிடம் காசு இல்லை. அண்ணை ஒன்றும் கேட்காமல் முழு வாடகையையும் கட்டினார். ஜனவரியும் கட்டினார், பெப்ரவரியும் கட்டினார். மொத்தம் 2,175 பவுண்ஸ், மனைவியைக் கூப்பிடச் சேர்த்த காசில் இருந்து. ஆலோசனை நிலையத்தில் இதைச் சொன்னதும் அந்தத் தங்கச்சியின் முகம் மாறிவிட்டது. "அக்கா, அவர் உங்களைக் காசால் தாங்குகிறார் என்று இதையே காட்டுவார்கள்" என்றார். அன்று பின்னேரமே ஒரு தாளில் எழுதினோம். எந்தத் தேதி எவ்வளவு, இது கடன், மேன்முறையீடு முடிந்ததும் திருப்பித் தருவேன், முடியாவிட்டால் மாதம் எவ்வளவு கட்டுவேன் என்று. இருவரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்துப் போடும்போது அண்ணைக்குக் கை கூசியது. "உன்னட்டக் கடன் தாள் வாங்கிற அளவுக்கு வந்திட்டமே தங்கச்சி" என்றார். உதவி செய்தவரிடம் தாள் எழுதுவது எங்கள் பழக்கத்தில் மரியாதைக் குறைவுதான். ஆனாலும் முதல் நாளே எழுதுங்கள். அவரையும் சேர்த்துத்தான் அந்தத் தாள் காப்பாற்றும். மார்ச்சில் இருந்து என் தம்பி கனடாவில் இருந்து அனுப்பினான். சாப்பாட்டுக்கு இரண்டு தரம் உணவு வங்கிக்குப் போனேன்.

என்னை இரவில் தூங்க விடாமல் செய்தது வேறு ஒன்று. அண்ணை நாளைக்கு மனைவிக்கு விசா கேட்டுப் போடும்போது, இவர் இங்கே இன்னொரு பெண்ணோடு கணவன் மனைவி போல வாழ்கிறார் என்று ஓர் அரச கடிதம் இருந்தால் என்ன ஆகும்? என் காசு போனால் போகட்டும், ஒரு குடும்பம் சேராமல் போனால் அந்தப் பாவம் யாருக்கு?

முடிவுக்கு எதிராக என்ன செய்வது என்பதற்கு வழி நேரானது. முடிவுக் கடிதத்தின் தேதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை, அதாவது அலுவலகமே தன் முடிவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று, கேட்க வேண்டும். ஜேர்னலிலேயே கேட்கலாம். தகுந்த காரணம் இருந்தால் 13 மாதம் வரை பிந்திக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அதிலும் மறுத்தால், அந்தக் கடிதத்தில் இருந்து ஒரு மாதத்துக்குள் பர்ஸ்ட் டியர் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. ஒரு சதமும் கட்டணம் இல்லை. மொழிபெயர்ப்பாளரையும் அவர்களே இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். ஓடிக்கொண்டிருக்கிற பெனிபிட்டை நிறுத்தும்போது, நீங்கள் சோடி என்று காட்டுகிற பொறுப்பு முதலில் அலுவலகத்துக்கு. இது எனக்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு ஒடுங்கிப் போயிருக்க மாட்டேன். புதிதாக விண்ணப்பிக்கும்போது நாங்கள்தான் காட்ட வேண்டும்.

புதிய விண்ணப்பம் என்றதும் ஞாபகம் வருகிறது. பழையது நின்றதும் தாமதிக்காமல் தனியாள் என்று புதிதாக ஒன்று போட்டிருக்க வேண்டும். மேன்முறையீடும் நடக்கலாம், புதியதும் ஓடலாம், ஒன்றை ஒன்று தடுக்காது. நான் பெப்ரவரியில்தான் போட்டேன். அதையும் அதே காரணத்தைச் சொல்லி மறுத்தார்கள். அதற்கும் தனியே மறுபரிசீலனை கேட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்து விசாரிக்கச் செய்தோம்.

ஆலோசனைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் இருக்கிறது, சட்ட மையங்கள் இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புகிற ஆட்களிடம் போகாதீர்கள். கடிதத்தில் "எச்சரிக்கையின் கீழ் பேட்டி" என்ற கருத்தில் ஏதாவது வந்தால் அது மோசடி விசாரணை. சட்டத்தரணியிடம் கேட்காமல் அதற்குப் போகக் கூடாது. எனக்கு வந்தது அது அல்ல. அப்புறம், பொது நிதி உதவி பெறக் கூடாது என்று விசாவில் இருக்கிறவர்கள் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கவே கூடாது. மாணவராக வந்தவர்களும் வேலை விசாவில் வந்தவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எனக்கு நிரந்தர வதிவுரிமை இருந்தது.

உண்மையிலேயே உறவு மாறிவிட்டால், அதாவது இருவரும் சேர்ந்து வாழ முடிவு செய்தால், அன்றைக்கே ஜேர்னலில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் வாங்கிய காசு முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள், தண்டமும் வரும். நான் இதை எழுதுவது உண்மையாகவே தனித்தனியாக இருக்கிறவர்களுக்காக.

தீர்ப்பாயத்துக்கு நாங்கள் கொண்டு போனவை: வாடகை ஒப்பந்தம், இருவரின் வங்கிக் கணக்கும், கடன் தாள், கேஸ் பில் வந்தால் "64 பவுண்ஸ், உன்ர பங்கு 32" என்று அண்ணை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய செய்திகள், அவர் மாதாமாதம் வவுனியாவுக்குக் காசு அனுப்பிய ரசீதுகள். தன் கணக்கைக் காட்ட வேண்டிய கட்டாயம் அண்ணைக்கு இல்லை. தானாகத் தந்தார். பிறகு குசினியின் படங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மேல் இரண்டு தட்டு என்னுடையது, கீழ் இரண்டும் அவருடையது. இரண்டு பால் போத்தல், இரண்டு தயிர் டப்பா. அலுமாரியிலும் ஆளுக்கொரு பக்கம். மிளகாய்த்தூள் கூட இரண்டு போத்தல்தான், ஏனென்றால் அவருடையது வவுனியாவில் வறுத்து இடித்து வருவது, அதை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

கடைசியாக ஒரு கடிதம். அண்ணி, அதாவது அவருடைய மனைவி, ஒற்றைத்தாளில் கையால் எழுதி அனுப்பியிருந்தார். தன் கணவர் யாருடன் எந்த வீட்டில் இருக்கிறார் என்று முதல் நாளில் இருந்தே தனக்குத் தெரியும், கிழமைக்கு இரண்டு தரமாவது என்னோடும் கதைப்பதாக எழுதியிருந்தார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது.

விசாரணை 2025 ஓகஸ்டில். பெரிய மேடை, கூண்டு ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு நீதிபதி. முதலில் அந்தப் பிரதர் விஷயத்தைக் கேட்டார். வந்திருந்த மொழிபெயர்ப்பாளரிடமே, தமிழில் இந்தச் சொல்லை உறவு இல்லாதவருக்கும் சொல்வார்களா என்று கேட்டார். சொல்வார்கள் என்றார் அவர். நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டு அவரிடமும் கேட்டார். என்னிடம் கடைசியாகக் கேட்டது இது: "நாளைக்கு இவர் வேறு வீட்டுக்குப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

நான் யோசிக்கவே இல்லை. "அந்த அறைக்கு வேறு ஆள் தேடுவேன்" என்றேன். "முகவரிடம் சொல்லி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கேஸ் கணக்கை என் பெயருக்கு மாற்ற வேண்டும்."

அன்றே முடிவு சொன்னார்கள். நாங்கள் சோடி இல்லை.

நிறுத்திய காசு வந்து சேர மேலும் சில கிழமை எடுத்தது. வந்த அன்றே அண்ணைக்கு 2,175 அனுப்பினேன், குறிப்பில் "கடன் முழுதும்" என்று போட்டு. தாளில் இருவரும் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். இப்போது வாடகைக்குக் குறிப்பில் "பாதி வாடகை" என்றும் மாதத்தையும் எழுதுகிறேன். கேஸ், கரண்ட் எல்லாம் வங்கி வழியாகத்தான்.

அண்ணை சனி, ஞாயிறு பகலில் இன்னொரு வேலையும் எடுத்துவிட்டார். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் 29,000 தாண்டுகிறது. விசாவுக்குத் தேவையான சம்பளத் தாள்களை மாதாமாதம் அடுக்கி வைக்கிறார், என்னுடைய பெனிபிட் கோப்பு இருக்கிற அதே அலுமாரியில், தன் பக்கத்துத் தட்டில். அண்ணி வந்ததும் அவர்கள் தனி வீடு பார்ப்பார்கள். நேற்று அண்ணி தொலைபேசியில், "நீங்களும் எங்களோட வந்திடுங்கோ, ஒரு அறை தாறம்" என்றார். வாடகை எவ்வளவு என்று முதலில் எழுதித் தாருங்கோ அண்ணி என்றேன். சிரித்துவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்றார்.